கத்தியில் காய்ந்த எண்ணெய்

கூடங்குளம், ராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக நடக்கிற சலூன்களில் மேசை இழுப்பறையின் அடியைத் துழாவினால் மடக்கு சவரக்கத்தி ஒன்று அகப்படும். அப்பா கையாண்டது, தாத்தா அடைப்பத்தில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனது என்று கடைக்காரர் சொல்வார். சுற்றிய தாளைப் பிரிக்கும்போதே அது அலகோடு ஒட்டிக்கொண்டு கிழியும். அலகின் மேல் பழுப்பு மஞ்சளில் ஒரு படலம். விரல் வைத்தால் லேசாகப் பிடிக்கும், துணியால் துடைத்தால் துணியின் நூல்தான் அதில் ஒட்டும். “எண்ணெ போட்டுத்தான் வச்சேன் அண்ணாச்சி, அந்த எண்ணெயே இப்பிடி இறுகிப்போச்சு” என்பார் கடைக்காரர்.

அவர் சொல்வதில் பாதிதான் சரி. அன்றைக்குப் பூசியது எண்ணெய். இன்றைக்கு அங்கே இருப்பது எண்ணெய் அல்ல. இது தெரியாமல் பலர் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பலிக்காமல், கடைசியில் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக் கத்தியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கத்திகள் ஓய்வுக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. சலூனில் புது பிளேடு கேட்டு வாங்கும் பழக்கம் அதன்பின் ஊர்ஊராகப் பரவியது. பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கத்தி மேசைக்கு வர, சாணை பிடித்துத் தோல் வாரில் தீட்டிய பழைய கத்தி இழுப்பறைக்குப் போனது. தூக்கி எறிய மனம் வராமல் எண்ணெய் தடவி வைத்தார்கள். அதுதான் இத்தனை ஆண்டுகளாகக் காய்ந்து கிடக்கிறது.

எண்ணெய் தடவுவதற்கு அவசியம் இருந்தது. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்லும் குரோமியம் கலந்த எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரயர்லி உருவாக்கியது 1913இல்தான். பழைய சவரக்கத்திகள் பெரும்பாலும் கரிமம் ஏறிய வெறும் எஃகு. நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கரிமம் இருப்பதால் அலகு கெட்டியாக, கூர் நிற்பதாக இருக்கும். ஆனால் துருவுக்கு எதிராக அதற்குச் சொந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தக் கரிம எஃகின் வரலாற்றில் நம் பக்கத்துக்கும் பெரிய பங்குண்டு. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு ஐரோப்பாவுக்குப் போய், ‘வூட்ஸ்’ என்ற பெயரில் ஆய்வுக்கூடங்களை ஆட்டிவைத்தது. லண்டனில் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் சவரக்கத்தி அடித்து விற்றார். அவரோடு சேர்ந்துதான் கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1820இலும் 1822இலும் எஃகுக் கலவைகளைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். மின்சாரத்துக்குப் பெயர்போனவர் அதற்கு முன்னால் மண்டையை உடைத்துக்கொண்டது நம்மூர் உருக்கோடு.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ, எந்தத் தாவர எண்ணெயானாலும் அதன் மூலக்கூறு ஒரே அமைப்புதான். கிளிசரின் என்ற சிறு தண்டில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். சங்கிலியில் கரிம அணுக்கள் சில இடங்களில் இரட்டைப் பிணைப்பில் இருக்கும். அந்த இடங்கள்தான் பலவீனமானவை. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே வந்து உட்கார்ந்து பெராக்சைடு என்ற நிலையற்ற பொருளை உண்டாக்கும். அது உடையும்போது இரண்டு காரியம் நடக்கும். உடைந்த துண்டுகளில் சிறியவை ஆவியாகப் பறக்கும், சிக்கு வாடை என்று நாம் மூக்கைச் சுளிப்பது அதைத்தான். மிச்சமுள்ள பெரிய துண்டுகள் பக்கத்துச் சங்கிலிகளோடு கைகோத்துக்கொள்ளும். தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டுண்டு வலையாகிவிட்டால் அது திரவம் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். ஓவியர்கள் ஆளி விதை எண்ணெயில் வண்ணம் குழைப்பது இந்த இறுகலை நம்பித்தான்.

எந்த எண்ணெய் எவ்வளவு இறுகும் என்பதைக் கணிக்க ஓர் எண் இருக்கிறது. 1884இல் ஹூபல் என்பவர் கொண்டுவந்த அயோடின் எண். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை உள்வாங்கும் என்று பார்ப்பார்கள். அயோடின் போய் உட்காருவதும் அந்த இரட்டைப் பிணைப்புகளில்தான் என்பதால், எண் கூடக்கூட இறுகும் குணமும் கூடும். ஆளி விதை எண்ணெய்க்கு 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 105 முதல் 120 வரை. கடலை எண்ணெய் சற்றுக் குறைவு. விளக்கெண்ணெய் 85 பக்கம். தேங்காய் எண்ணெய் வெறும் 7 முதல் 10. தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய் பெட்ரோலியத்தில் வடித்தது, அதில் இந்தப் பிணைப்பே அநேகமாக இல்லை. நல்லெண்ணெயில் எண் கூடுதலாக இருந்தும் அது சீக்கிரம் சிக்கு அடிக்காததற்கு எள்ளிலேயே இருக்கும் சில ஆக்சிஜன் தடுப்பான்கள் காரணம். ஆனால் அவையும் நாளாவட்டத்தில் தீர்ந்துபோகும்.

அப்படியானால் தேங்காய் எண்ணெய் தடவிய கத்தியில் பிசுக்கு வரக்கூடாதே என்று கேட்கலாம். வருகிறது, வேறு வழியில். ஈரக்காற்றில் அந்த எண்ணெய் மெல்லச் சிதைந்து கொழுப்பு அமிலம் தனியாகப் பிரியும். தேங்காய் எண்ணெயில் அது பெரும்பாலும் லாரிக் அமிலம். அந்த அமிலம் இரும்பைக் கடித்து, இரும்புச் சோப்பு என்று சொல்லத்தக்க பழுப்புக் களிம்பை உண்டாக்கும். கைப்பிடியைக் கோக்கும் பித்தளை ஆணியைச் சுற்றி மெழுகுபோலப் பச்சையாகத் திரண்டிருப்பதும் அதே வகைதான், அது செம்புச் சோப்பு. பல நாள் தேய்க்காத குத்துவிளக்கின் தண்டில் இரண்டையும் பார்க்கலாம்: திரி பக்கம் இறுகிய வலை, அடியில் பச்சைக் களிம்பு.

இன்னொன்றும் உண்டு. இரும்பு அணுக்கள் பெராக்சைடை உடைப்பதை விரைவுபடுத்தும். அதனால் கண்ணாடிப் புட்டியில் பல மாதம் நன்றாக இருக்கிற எண்ணெய், எஃகின் மேல் மெல்லிய படலமாகப் பரவியதும் வெகு சீக்கிரம் இறுகுகிறது. படலம் மெலிதாக இருப்பதால் ஆக்சிஜன் அடிவரை இறங்கிவிடும். இரும்பைக் காக்கப் போட்ட எண்ணெயை இரும்பே கெடுக்கிறது.

இந்தத் தொல்லை பெரிய இயந்திரங்களையும் விடுவதில்லை. டர்பைன்களிலும் கியர்பாக்ஸ்களிலும் சுற்றிச்சுற்றி வரும் எண்ணெய் பெட்ரோலிய எண்ணெயானாலும் வெப்பத்தில் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்புப் பூச்சாகப் படியும். பொறியாளர்கள் அதை வார்னிஷ் என்பார்கள். அணுமின் நிலையம் ஒரு பக்கம், காற்றாலைகள் மறுபக்கம் என்று இருக்கிற கூடங்குளம் வட்டாரத்தில் எண்ணெயின் வயதைக் கணக்குப் பார்ப்பதே பலருக்குப் பிழைப்பு. காவல்கிணறுக்கு அருகே மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறது. திரவ ஆக்சிஜன் ஓடும் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் தீப்பற்றலாம், வெடிக்கலாம் என்பதால், அத்தகைய குழாய்களையும் வால்வுகளையும் எண்ணெய் அறவே இல்லாமல் கழுவித்தான் பூட்டுவது உலகெங்கும் விதி. சவரக்கத்தியில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் வேதியியல் ஒன்றுதான்.

இனி கடற்காற்று. கூடங்குளத்துக் கத்திக்கும் மதுரைக் கத்திக்கும் வித்தியாசம் இங்கேதான். அலை உடையும்போது சிதறும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் தூளாக ஊருக்குள் வருகின்றன. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். அதாவது, மழை மறைவுப் பகுதியான இந்த ஊரில் வானம் வெளுத்துக் கிடக்கும் கோடையிலும் கத்தியின் மேல் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கிறது. பிசுபிசுப்பான படலம் அந்த உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் அடியில் குளோரைடு எஃகைப் புள்ளிபுள்ளியாகத் துளைக்கும். பிசுக்கை எடுத்த பிறகு ஊசி குத்தியதுபோல் கறுப்புக் குழிகள் தெரிவது அதனால். எந்தத் திரவத்தாலும் அந்தக் குழியை நிரப்ப முடியாது.

ஆகவே சுத்தம் செய்கிறவர் இரண்டு எதிரிகளைச் சமாளிக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கரையாது, உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெயில் மட்டும் துடைத்துவிட்டுப் பளிச்சென்று இருக்கிறதே என்று எடுத்து வைத்த கத்தி சில வாரங்களில் செம்புள்ளி காட்டினால், உப்பு உள்ளேயே இருந்துவிட்டது என்று பொருள்.

கத்தியைத் தொடுமுன் கைப்பிடியைப் பாருங்கள். பழைய சவரக்கத்திகளின் பிடி பெரும்பாலும் எருமைக்கொம்பு, தந்தம், செல்லுலாய்டு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். செல்லுலாய்டை அறிய எளிய வழி உண்டு: கட்டைவிரலால் சூடு ஏறத் தேய்த்து முகர்ந்தால் சூட வாடை வரும். சூடம் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். அப்படியானால் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், பெயின்ட் கடைத் தின்னர், ஸ்பிரிட் எதுவும் பிடியின் பக்கம் போகக்கூடாது, பிடி இளகிக் குழைந்துவிடும். தீக்கும் தூரம் வேண்டும். செல்லுலாய்டு நாள்பட்டுச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும், ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். மடக்கி வைத்த கத்தியில் பிடிக்குள் இருந்த பாகம் மட்டும் துரு அரித்து, வெளியே இருந்த முதுகு நன்றாக இருந்தால் குற்றவாளி எண்ணெய் அல்ல, பிடி. அந்தக் கத்தியை இனி விரித்துத்தான் வைக்க வேண்டும்.

அடுத்து, பிசுக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் ஓர் இடத்தில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ரேஷன் மண்ணெண்ணெய் அருகிப்போன இந்தக் காலத்தில் டர்பன்டைனும் ஆகும். பஞ்சில் பழுப்பாக இறங்கினால் அது இன்னும் வலையாகாத எண்ணெய், அல்லது மிஷின் எண்ணெய். வேலை அங்கேயே பாதி முடிந்தது. பஞ்சு வெள்ளையாக வந்து, படலம் மட்டும் சற்றே உப்பிச் சுருங்கியிருந்தால் அது இறுகிய வலை. கரைப்பான் வலைக்குள் புகுந்து அதை ஊதவைக்கலாம், பிரிக்க முடியாது.

பிரிக்க வல்லது காரம். எண்ணெய்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொண்டாலும், ஒவ்வொன்றும் கிளிசரின் தண்டோடு எஸ்டர் பிணைப்பில்தான் தொங்குகிறது. காரம் அந்தப் பிணைப்பை வெட்டும். சோப்பு காய்ச்சுவதும் இதே வினைதான். அடுப்புச் சாம்பலால் எண்ணெய்ப் பாத்திரம் துலக்கியதில் இந்த அறிவு இருந்தது, சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். ஆனால் சாம்பலில் மணலும் இருக்கும், கீறும். எனவே கத்திக்குச் சலவைச் சோடா. வெந்நீரில் ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து, அதில் நனைத்த பஞ்சை அலகின் மேல் மட்டும் போர்த்தி அரைமணி நேரம் விடலாம். கொம்புக்கும் தந்தத்துக்கும் காரம் ஆகாது, ஆகவே பிடியைத் தனியே விலக்கி உலர்ந்த துணி சுற்றி வைக்க வேண்டும். காரம் எஃகை அரித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். கான்கிரீட்டுக்குள் கம்பி துருவேறாமல் இருப்பதே அதன் காரத்தன்மையால்தான்.

புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் கூடாது. பித்தளை விளக்குக்குப் பொருந்துகிற புளி, கரிம எஃகைக் கறுக்கடித்துவிடும்.

இளகிய பிசுக்கை எடுக்கத் தென்னை ஈர்க்கைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. நுனியைச் சாய்வாக நறுக்கினால் சின்ன உளிபோல ஆகும். பிசுக்கைவிடக் கடினம், எஃகைவிட மென்மை. எனவே படலம் சுருள்சுருளாக எழும்பி வரும், அலகில் கீறல் விழாது. கை எப்போதும் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகப் போக வேண்டும், வாயிலிருந்து முதுகை நோக்கி எதிரே வரக்கூடாது. நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம், தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பழைய கத்தி அவ்வளவு கூர் இல்லை என்று நினைத்து அலட்சியமாகப் பிடிக்கிறவர்கள்தான் விரலை வெட்டிக்கொள்கிறார்கள். சிலர் தீயில் காட்டிப் பிசுக்கை எரிப்பார்கள். அலகைக் கெட்டிப்படுத்திய பின் 200 டிகிரி சுற்றுவட்டத்தில் பதப்படுத்தியிருப்பார்கள். மெல்லிய வாய் நெருப்பில் அதை நொடியில் தாண்டிவிடும். நீல நிறம் ஓடினால் 300 டிகிரியை எட்டியாயிற்று, அந்த வாயில் இனி கூர் நிற்காது.

பிசுக்கு போன பிறகு சில இடங்களில் சாம்பல் கறுப்பாக ஒரு நிறம் தங்கும். ஈர்க்குக்கு அசையாது, மண்ணெண்ணெய்க்கும் அசையாது. அதை விட்டுவிடுங்கள். அது எஃகின் மேல் தானாகப் படிந்த கறுப்பு ஆக்சைடு, செந்துருவைத் தள்ளிப்போடும் போர்வை. பளபளப்பு வேண்டும் என்று அதையும் சுரண்டுகிறவர்களை நான் ஏற்பதில்லை. சில கத்திகளின் அலகில் பொன்முலாம் பூசிய எழுத்து இருக்கும், ஒரு தடவை பாலிஷ் போட்டால் அது போயே போய்விடும்.

இப்போது தண்ணீர். கத்தியைத் தண்ணீரில் கழுவச் சொன்னால் பழைய கைகள் தயங்கும். ஆனால் உப்பை வேறெதுவும் எடுக்காது. சோடா எச்சமும் இதில்தான் போகும். இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பை வைப்பதாக முடியும். அணுமின் நிலையமே தன் நன்னீருக்குக் கடல்நீரை வடிக்கும் ஆலை போட்டிருக்கும் ஊர் இது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள், ஆசிட் கலந்த புட்டி வேறு, அதை மாற்றி எடுத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான அந்த நீரில் அலகை இரண்டு மூன்று முறை அலசி உடனே துடைத்து, ஆணிப் பக்கம் ஈரம் தங்காமல் விசிறிக் காற்றில் காட்ட வேண்டும். அருங்காட்சியகங்களிலும் இதுதான் நடக்கிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்தவை போன்ற பழம் இரும்பைக் காப்பதில் முதல் வேலை, காரநீரில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுவது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே டாக்டர் எஸ். பரமசிவன் பழம்பொருள்களுக்கென வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கிவிட்டார்.

எண்ணெய் முழுதும் போன எஃகு வெகு நேரம் சும்மா இருக்காது. கூடங்குளத்தில் கச்சான் காற்று வீசும் நாளானால் மறுநாள் காலையிலேயே துருப்பொட்டு தெரியலாம். அதனால் காய்ந்த கையோடு தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, விரல் படாமல் துணியால் பரப்ப வேண்டும், விரல் வியர்வையிலும் உப்புதான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெயும் வேண்டாம். மிஷின் எண்ணெய் இறுகாது, ஆனால் மெல்ல வழிந்தும் ஆவியாகியும் குறையும். தோல் உறையும் ஆகாது, பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் அமிலமும் எஃகுக்கு எதிரி. உலர்ந்த பருத்தித் துணி போதும்.

சுத்தம் செய்த கத்தியை இன்னொருவர் முகத்தில் வைக்காதீர்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கக்கூடியது, கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பது அதற்கு மருந்தல்ல. வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கத்தி என்றால், ஆனியில் காற்று கிளம்புமுன் ஒருமுறை, கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒருமுறை எடுங்கள். பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பழையதன் மேலேயே பூசிக்கொண்டு போகாதீர்கள்.